முகத்தை விற்காத மனுசன்: எம்.எஃப். டூமின் கதை

2020 டிசம்பர் 31ஆம் திகதி, அந்தக் கெட்ட வருசம் முடிஞ்சால் காணும் என்று முழு உலகமும் பார்த்துக்கொண்டிருந்த நாளில், டேனியல் டுமிலே என்ற ராப் கலைஞர் இறந்துவிட்டதாக அவருடைய மனைவி இன்ஸ்டகிராமில் அறிவித்தார். அவர் இறந்தது அன்றைக்கல்ல. ஒக்டோபர் 31ஆம் திகதியே இறந்துவிட்டார். இரண்டு மாதமாக ரசிகர்களுக்கோ பத்திரிகைகளுக்கோ அது தெரியாது. ஒரு நட்சத்திரத்துக்குக் காய்ச்சல் வந்தாலே பத்து நிமிசத்தில் செய்தியாகிற காலத்தில் இது எப்படி நடந்தது? அந்த மனுசன் அதற்கு முந்தின இருபது வருசத்தையும் தன் முகம் ஒருவருக்கும் தெரியக்கூடாது என்பதற்காகவே செலவழித்திருந்தார். அவர் இல்லாமல் போனதைக் கண்டுபிடிக்க ஆக்களிடம் ஒரு முகம் இருக்கவில்லை, ஒரு இரும்பு முகமூடி மட்டும்தான் இருந்தது.

மேடைப் பெயர் எம்.எஃப். டூம். ஆங்கிலத்தில் எழுதினால் எல்லாமே பெரிய எழுத்தில்தான் எழுதவேண்டும் என்பது அவர் போட்ட கட்டளை, அதைச் சொல்லவே ஒரு பாட்டும் செய்திருக்கிறார். தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து இல்லாததால் நாங்கள் தப்பினோம்.

'அண்டர்கிரவுண்ட்' ஹிப் ஹொப் பற்றிக் கதைக்கிறபோது நாங்கள் அதை ஒரு ரசனையாக, ஒரு ஸ்டைலாகத்தான் பார்க்கிறோம். ரேடியோவில் போகாத பாட்டு, சனத்துக்கு விளங்காத வரி, கறுப்பு ஹூடி. டூமின் வாழ்க்கையைத் திகதி வாரியாக அடுக்கிப் பார்த்தால் வேறொரு விசயம் தெரியும். அவர் அண்டர்கிரவுண்டைத் தேர்ந்தெடுத்துப் போனவர் அல்ல. மேலே இருந்து தள்ளப்பட்டு அங்கே விழுந்தவர். விழுந்த இடத்திலேயே வீடு கட்டினார், பிறகு கூப்பிட்டாலும் மேலே போகவில்லை. அந்த வீட்டின் கதவுதான் முகமூடி.

அண்ணனும் தம்பியும்

டேனியல் டுமிலே 1971ல் லண்டனில் பிறந்தார். தாய் ட்ரினிடாட்டைச் சேர்ந்தவர், தகப்பன் சிம்பாப்வேயைச் சேர்ந்தவர். பிள்ளை சின்னவனாக இருக்கும்போதே குடும்பம் அமெரிக்காவுக்குப் போய், நியூயோர்க் நகரத்துக்குப் பக்கத்தில் லோங் ஐலண்டில் குடியேறியது. லண்டனில் பிறந்தவர் என்ற இந்தச் சின்னத் தகவலை மறக்கவேண்டாம். நாற்பது வருசம் கழித்து அது திரும்பி வரும்.

டேனியலும் தம்பி டிங்கிலிஸ்வேயும் சேர்ந்து கே.எம்.டி. என்ற குழுவைத் தொடங்கினார்கள். அண்ணனின் அப்போதைய பெயர் செவ் லவ் எக்ஸ், தம்பி டிஜே சப்ரொக். 1989ல் தேர்ட் பேஸ் குழுவின் 'தி காஸ் ஃபேஸ்' பாட்டில் செவ் லவ் எக்ஸ் கடைசிப் பகுதியைப் பாடினார். அந்தக் காணொளியில் முகமூடி எதுவும் இல்லாமல் சிரித்துக்கொண்டு நிற்கிற மெலிந்த பெடியன் அவர்தான். அதைப் பார்த்துத்தான் எலெக்ட்ரா கொம்பனி கே.எம்.டி.யை ஒப்பந்தம் செய்தது. 1991ல் முதல் அல்பம் 'மிஸ்டர் ஹூட்' வந்தது.

கேட்பதற்குச் சிறுபிள்ளைத்தனமான, பகிடியான அல்பம் அது. 'செசமி ஸ்ட்ரீட்' சிறுவர் நிகழ்ச்சியின் குரல்களை வெட்டி ஒட்டியிருப்பார்கள். பகிடிக்குள் ஒரு கோபமும் இருந்தது. அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு மேடையேறி, கறுப்பின மக்களைக் கோமாளிகளாக நடித்துக் காட்டினார்கள். 'மின்ஸ்ட்ரல்' காட்சி என்று அதற்குப் பெயர். அதிலிருந்தும் அந்தக் காலத்துக் கதைப் புத்தகங்களிலிருந்தும் வந்த ஒரு உருவம்தான் 'சாம்போ'. கரிக்கறுப்பு முகம், தடித்த உதடு, பிதுங்கிய கண், எப்போதும் ஒரு அடிமைச் சிரிப்பு. பற்பசை விளம்பரத்திலிருந்து கார்ட்டூன் வரைக்கும் அந்த முகம் பரவியது. கே.எம்.டி.யின் சின்னமே அந்தச் சாம்போ முகத்துக்குக் குறுக்கே கோடு போட்டு 'தடை' என்று காட்டுவதுதான். அவர்களுடைய முதல் சண்டையே ஒரு முகத்தோடு நடந்த சண்டை. மற்றவன் எங்களுக்கு வரைந்து தந்த முகத்தை நாங்கள் போடமாட்டோம் என்கிற சண்டை.

ஒரு அட்டைப்படத்தின் விலை

இரண்டாவது அல்பத்துக்கு 'ப்ளாக் பாஸ்டர்ட்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். பகிடி குறைந்து, இருட்டும் கோபமும் கூடின பாட்டுகள். வேலை முடிகிற நேரம், 1993 ஏப்ரலில், லோங் ஐலண்டில் நெடுஞ்சாலை ஒன்றைக் கடக்கும்போது கார் மோதி சப்ரொக் இறந்துபோனார். வயது 19. மிச்ச வேலையை அண்ணன் தனியாக இருந்து முடித்தார்.

அட்டைப்படத்தையும் அவர்தான் வரைந்தார். சொல்லைக் கண்டுபிடிக்கிற தூக்குமர விளையாட்டு இருக்கிறதே, ஒவ்வொரு பிழையான எழுத்துக்கும் ஒரு கை, ஒரு கால் என்று வரைந்துகொண்டு போவது, அந்த விளையாட்டில் சாம்போ தூக்கில் தொங்குகிறான். முதல் அல்பத்தில் தடை போட்ட உருவத்தை இரண்டாவதில் தூக்கில் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் கே.எம்.டி.யின் கதை தெரியாத ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்தால் வேறொன்றுதான் தெரியும்: கயிற்றில் ஒரு கறுப்பு மனுசன். வெள்ளையர் கும்பல்கள் கறுப்பின மக்களை மரங்களில் தூக்கிலிட்ட வரலாறு உள்ள நாட்டில் அந்தப் படம் நோகும். நோகவேண்டும் என்றுதான் அது வரையப்பட்டது. 'பில்போர்ட்' சஞ்சிகையில் கண்டனம் வந்தது. 1994ல், வெளியிடுவதற்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, எலெக்ட்ரா அல்பத்தை நிறுத்திக் கே.எம்.டி.யையும் கைவிட்டது.

கொம்பனி ஏன் இவ்வளவு பயந்தது? அதற்கு இரண்டு வருசம் பின்னால் போகவேண்டும். 1992ல் ஐஸ்-டியின் பொடி கவுண்ட் குழு 'கொப் கில்லர்' என்ற பாட்டை வெளியிட்டது. பொலிஸ் சங்கங்கள் கொதித்தெழுந்து, டைம் வோர்னரின் எல்லாப் பொருட்களையும் புறக்கணிக்கச் சொல்லின. அரசியல்வாதிகளும் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் ஐஸ்-டி அந்தப் பாட்டை அல்பத்திலிருந்து எடுத்தார், பிறகு கொம்பனியையும் விட்டு வெளியேறினார். எலெக்ட்ராவும் அதே டைம் வோர்னர் குடும்பத்துக் கொம்பனிதான். சூடு கண்ட பூனை. அடுத்த சர்ச்சை எங்கிருந்து வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு முன்னால் தூக்குமரப் படத்தோடு போய் நின்றது, ஒரு பெரிய ஹிட்டும் இல்லாத ஒரு சின்னக் குழு. அதைக் காப்பாற்றுவதால் கொம்பனிக்கு என்ன லாபம்?

டுமிலேக்குக் கிடைத்தது 20,000 டொலரும், அல்பத்தின் மாஸ்டர் ஒலிநாடாக்களும். காசைவிட அந்த நாடாக்கள்தான் பெரிய விசயம். ஒரு பாட்டின் மூலப் பதிவு யாரிடம் இருக்கிறதோ, பாட்டு அவருக்குத்தான் சொந்தம். வழக்கமாக அது கொம்பனியிடம்தான் இருக்கும், பாடினவர் வாழ்நாள் முழுக்கத் தன் சொந்தக் குரலுக்கு வாடகைக்காரர் மாதிரி. தம்பியை இழந்து, ஒப்பந்தத்தை இழந்து நின்ற 22, 23 வயதுப் பெடியனின் கையில், தம்பியின் கடைசி வேலை பதிவான நாடாக்கள் இருந்தன. 'ப்ளாக் பாஸ்டர்ட்ஸ்' முறையாக வெளியாக 2000ஆம் ஆண்டு வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரைக்கும் கள்ளப் பிரதிகளாகக் கைமாறிக்கொண்டே இருந்தது.

காலுறைக்குள் ஒரு முகம்

1994க்கும் 1997க்கும் இடையில் செவ் லவ் எக்ஸ் காணாமல் போனார். கையில் காசில்லை, இருக்க நிரந்தரமான இடம்கூட இல்லாமல் நியூயோர்க்கில் அலைந்த காலம் அது என்று அவரே பிறகு சொல்லியிருக்கிறார். ஹிப் ஹொப் உலகம் அவரை மறந்தது. அது மறக்க நல்ல வசதியான காலமும்கூட. மின்னுகிற கோட்டும், விலை கூடின காரும், கோடிக்கணக்கில் செலவழித்த காணொளியுமாக ராப் இசை தொலைக்காட்சிக்குப் போய்விட்ட நேரம். பாட்டை விற்க முதல் முகத்தை விற்கவேண்டும்.

அதே நகரத்தில் இன்னொரு வழியும் இருந்தது. கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் வானொலியில் ஸ்ட்ரெச் ஆம்ஸ்ட்ரோங், பொபிட்டோ கார்சியா என்ற இரண்டு பேர் நடுச்சாமம் தாண்டின பிறகு ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். ஒப்பந்தம் இல்லாத இளம் ராப்பர்கள் வந்து மைக்கில் தங்கள் வரிகளைச் சொல்லிவிட்டுப் போவார்கள். சனம் அதைக் கசெட்டில் பதிந்து நண்பர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கும். அந்தப் பொபிட்டோ தானாகவே ஃபோண்டில் எம் என்ற சின்ன வெளியீட்டகம் ஒன்றைத் தொடங்கி, 12 அங்குல இசைத்தட்டுகளைக் குறைந்த எண்ணிக்கையில் அடித்து விற்றார். 90களின் நியூயோர்க் அண்டர்கிரவுண்ட் என்று இன்றைக்குப் பெரிதாகப் பேசப்படுவது, நடைமுறையில், ஒரு மாணவர் வானொலியும் கொஞ்சம் கசெட்டும் கொஞ்ச இசைத்தட்டும் பாட்டை உயிராக நினைத்த சில ஆக்களும்தான்.

மன்ஹாட்டனில் நியூயோரிக்கன் பொயெட்ஸ் கஃபே என்று ஒரு இடம் இருக்கிறது. புவேர்ட்டோ ரிக்கோ வம்சாவளிக் கவிஞர்கள் 70களில் தொடங்கின கவிதை மேடை. 1997 அளவில் அங்கே ஒருவர் பெண்களின் மெல்லிய காலுறையைத் தலையில் இழுத்து முகத்தை மூடிக்கொண்டு மேடையேறத் தொடங்கினார். குரல் முந்தியதைவிடத் தடித்திருந்தது. செவ் லவ் எக்ஸ் என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. அந்தக் காலுறைதான் பிறகு பிளாஸ்டிக் முகமூடியாகி, கடைசியில் 'கிளாடியேட்டர்' படத்துத் தலைக்கவசத்தின் மாதிரியிலிருந்து ஓவியர் கியோ செய்துகொடுத்த இரும்பு முகமானது.

டூம் என்பது குடும்பப் பெயரான டுமிலேயிலிருந்து வந்த பட்டப்பெயர். மார்வெல் சித்திரக்கதைகளில் 1962லிருந்து வருகிற வில்லன் டொக்டர் டூமோடும் அது பொருந்திப்போனது. முகம் சிதைந்ததால் இரும்பு முகமூடி போட்டுக்கொண்டு, உலகத்தைப் பழிவாங்கத் திரும்பி வருகிற விஞ்ஞானி அவன். டுமிலே அந்தக் கதையை அப்படியே எடுத்துக்கொண்டார். இசைத்தொழில் என்னைச் சிதைத்தது, நான் வில்லனாகத் திரும்பி வந்திருக்கிறேன். 1999ல் ஃபோண்டில் எம் வெளியிட்ட 'ஒப்பரேஷன்: டூம்ஸ்டே' அந்தத் திரும்பி வருதல்தான். ஷாடே, ஸ்டீலி டான், குயின்சி ஜோன்ஸ் என்று 70களும் 80களும் தந்த மென்மையான பாட்டுகளிலிருந்து துண்டு எடுத்து, இடையில் பழைய கார்ட்டூன் வசனங்களைச் செருகி, வீட்டில் பதிந்த மாதிரியான ஒரு கரகரப்போடு செய்த அல்பம். வில்லன் கதைக்கு நடுவில், தலைப்பாக வெறும் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்ட ஒரு பாட்டு இருக்கிறது. அது சப்ரொக்குக்காக. முகமூடி போட்ட பிறகுதான் அவரால் தம்பியைப் பற்றிப் பாட முடிந்தது என்று எனக்குப் படுகிறது.

ஒன்றரை வருசம், ஐந்து அல்பம்

2003 நடுவிலிருந்து 2004 கடைசி வரைக்கும் அவர் செய்த வேலையைப் பார்த்தால் தலை சுற்றும். 'கிங் கீடோரா' என்ற பெயரில் ஒன்று. கொட்சில்லா படங்களில் வருகிற மூன்று தலைப் பறக்கும் பூதத்தின் பெயர் அது. 'விக்டர் வோன்' என்ற பெயரில் இரண்டு. இசையமைப்பாளர் மட்லிப்போடு சேர்ந்து 'மட்வில்லன்' என்ற பெயரில் 'மட்வில்லனி'. திரும்பவும் டூம் என்ற பெயரில் 'எம்.எம்..ஃபூட்'. இந்தக் கடைசித் தலைப்பு, எம்.எஃப். டூம் என்பதன் ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டது. அல்பம் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றிக் கதைப்பது மாதிரி ராப் உலகத்தைப் பற்றிக் கதைப்பார். ராப் பேச்சுவழக்கில் மாட்டிறைச்சி என்றால் பகை என்று அர்த்தம், அதிலிருந்து தொடங்குகிறது விளையாட்டு. இது காணாது என்று, பாடல் இல்லாத பீட்டுகளை மட்டும் 'ஸ்பெஷல் ஹேர்ப்ஸ்' என்ற வரிசையில் வெளியிட்டார். ஒவ்வொரு பீட்டுக்கும் ஒரு மூலிகையின் அல்லது வாசனைத் திரவியத்தின் பெயர். வெந்தயம், கொத்தமல்லி, குங்குமப்பூ என்று எங்கட அடுப்படித் தட்டு மாதிரி இருக்கும் அந்தப் பட்டியல்.

இத்தனை பெயர் எதற்கு? கற்பனை வளம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்குத் தெரிகிறது ஒரு கணக்கு. அந்த ஐந்து அல்பமும் ஐந்து வேறு வேறு சின்ன வெளியீட்டகங்களிலிருந்து வந்தன. லண்டனில் ஒன்று, நியூயோர்க்கில் ஒன்று, லொஸ் ஏஞ்சலிஸில் ஒன்று, மினியாபொலிஸில் ஒன்று என்று சிதறிக் கிடந்தன. ஒரு கொம்பனியிடம் முழு வாழ்க்கையையும் எழுதிக் கொடுத்து, ஒரே கையெழுத்தில் எல்லாவற்றையும் இழந்த மனுசன், இரண்டாவது முறை தன்னைத் துண்டு துண்டாகப் பிரித்துத்தான் கொடுத்தார். எந்த ஒரு வெளியீட்டகத்திடமும் முழு டுமிலே இல்லை. ஒன்று கைவிட்டாலும் மற்றவை இருக்கும்.

இவற்றில் தலைசிறந்தது 2004 மார்ச்சில் வந்த 'மட்வில்லனி'. 22 துண்டு, மொத்தம் முக்கால் மணித்தியாலம். திரும்பத் திரும்ப வருகிற கோரஸ் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பல பாட்டு இரண்டு நிமிசத்தில் முடிந்துவிடும். மட்லிப் இதற்கான பீட்டுகளில் ஒரு பகுதியைப் பிரேசிலில் தங்கியிருந்தபோது, ஒரு சின்ன சாம்ப்ளரும் கையில் காவக்கூடிய இசைத்தட்டு இயந்திரமும் வைத்துச் செய்தார். அந்தப் பயணத்திலேயே முடிக்காத பாட்டுகள் திருட்டுப்போய் இணையத்தில் கசிந்தன. அல்பம் வர ஒரு வருசத்துக்கும் மேல் இருக்கும்போதே சனம் கேட்டுவிட்டது. மற்றவர் என்றால் திட்டத்தையே கைவிட்டிருப்பார்கள். டூம் திரும்பிப் போய் வரிகளைப் புதிதாகப் பதிந்தார். இம்முறை குரலை இறக்கி, வேகத்தைக் குறைத்து, நித்திரைத் தூக்கத்தில் கதைக்கிற ஆள் மாதிரி. இன்றைக்கு நாங்கள் டூமின் குரல் என்று சொல்கிற அந்தச் சோம்பலான, கரகரத்த குரல் அப்படித்தான் அந்த அல்பத்துக்குள் வந்தது. பில்போர்ட் பட்டியலில் 'மட்வில்லனி' தொட்ட உயரம் 179ஆம் இடம். இருபது வருசம் கழித்து, அந்தப் பட்டியலில் அப்போது மேலே இருந்த பலருடைய பெயர் ஒருவருக்கும் ஞாபகமில்லை.

வரிக்குள் என்ன இருக்கிறது

டூமை ஏன் எழுத்தாளர்களின் எழுத்தாளர் என்கிறார்கள் என்று எதுகை மோனை படித்தவர்களுக்கு இலகுவாகச் சொல்லலாம். சாதாரண ராப் வரியில் கடைசிச் சொல் கடைசிச் சொல்லோடு ஒலி ஒத்துப்போகும், எங்கட இயைபுத் தொடை மாதிரி. டூமின் வரியில் ஒரு சொல்லோடு அது நிற்காது. நாலைந்து அசை நீளமான ஒரு ஒலித்தொடரை எடுத்து, அதே ஒலித்தொடர் வேறு சொற்களில் அதே வரிக்குள்ளும் அடுத்தடுத்த வரிகளிலும் திரும்பத் திரும்ப வரும்படி பின்னுவார். பாதி நேரம் ஒரு வசனம் ஒரு வரியில் தொடங்கி அடுத்த வரியின் நடுவில் முடியும், அதனால் எங்கே ஒலி விழப்போகிறது என்று ஊகிக்க முடியாது. அவருக்குப் பிடித்த இன்னொரு விளையாட்டும் உண்டு. அடுத்து வரப்போவது ஒரு கெட்ட வார்த்தைதான் என்று ஒலியை வைத்தே எங்களை நம்பவைப்பார். கடைசி நேரத்தில் அதற்குப் பதிலாகச் சம்பந்தமில்லாத ஒரு பண்பான சொல்லைப் போட்டுவிட்டுப் போவார். காளமேகப் புலவர் கேட்டிருந்தால் ரசித்திருப்பார்.

இதைவிட முக்கியம், யார் கதைக்கிறது என்பது. 90களின் ராப் இசைக்கு 'உண்மையாக இரு' என்பது ஒரு வேதம். பாடுகிறவன் தான் வாழ்ந்ததைத்தான் பாடவேண்டும். நீ சுட்டிருந்தால்தான் துவக்கைப் பற்றிப் பாடலாம். டூம் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. நாவலாசிரியர் பாத்திரம் படைக்கிற மாதிரித்தான் நானும், டூம் ஒரு பாத்திரம், எழுதுகிறவன் வேறு என்று பல நேர்காணல்களில் சொன்னார். வரிகளில் தன்னைத் தானே 'வில்லன்' என்றும் 'அவன்' என்றும்தான் சொல்லிக்கொள்வார். கூத்தில் அரசன் வரவு வரும்போது தன் பெருமையைத் தானே மூன்றாம் ஆளாகப் பாடிக்கொண்டு வருவானே, அந்த மாதிரி. கறுப்பின இளைஞன் என்றால் இன்ன முகம், இன்ன கதை என்று வெளியிலிருந்து எதிர்பார்க்கிற சந்தைக்கு அவர் கொடுத்த பதில் அது. பழைய சாம்போவுக்கும், தொலைக்காட்சி கேட்ட புதிய 'கேங்ஸ்டர்' முகத்துக்கும் சேர்த்து ஒரே பதில்.

முகமூடிக்குள் வேற ஆள்

இனி, டூமின் ரசிகர்கள் கதைக்க விரும்பாத விசயம். 2007 அளவிலிருந்து அவருடைய இசை நிகழ்ச்சிகளுக்குப் போன சிலர் சந்தேகப்படத் தொடங்கினார்கள். மேடையில் நிற்கிற ஆள் மெலிந்திருக்கிறார், வாயசைப்பு பாட்டோடு பொருந்தவில்லை. அவர் தனக்குப் பதிலாக முகமூடி போட்ட வேறு ஆக்களை அனுப்பினார் என்பது பிறகு உறுதியானது. சனம் கூச்சலிட்டது, காசைத் திருப்பிக் கேட்டது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் எழுத்தாளன் மட்டுமல்ல, இயக்குநரும்கூட, என் பாத்திரத்துக்கு யாரை நடிக்க விடுவது என்பது என் விருப்பம் என்ற மாதிரியான விளக்கம்தான் 2009ல் 'நியூ யோர்க்கர்' சஞ்சிகைக்குக் கிடைத்தது. நீங்கள் வந்தது என்னைப் பார்க்கவா, பாட்டைக் கேட்கவா என்பது அவருடைய கேள்வி.

கேள்வி கெட்டித்தனமானது. முகமூடி என்ற யோசனையின் கடைசி எல்லை வரைக்கும் போய்ப் பார்த்திருக்கிறார் என்றும் சொல்லலாம். ஆனால் நான் இதில் டிக்கெட் வாங்கினவர்களின் பக்கம்தான் நிற்பேன். அந்த அரங்கத்தில் நின்றவர்கள் எலெக்ட்ரா கொம்பனி அல்ல. அவரைத் தூக்கி எறிந்தவர்களும் அல்ல. சம்பளக் காசில் டிக்கெட் எடுத்து, மணிக்கணக்கில் காத்து நின்ற சாதாரண சனம், கசெட்டில் பிரதி எடுத்து அவரை உயிரோடு வைத்திருந்த அதே சனம். தொழிலைப் பழிவாங்கக் கிளம்பின வில்லனின் அடி, தன்னைத் தாங்கினவர்கள் மேல் விழுந்தது. அவருடைய எழுத்தை நேசிக்கிறதுக்காக இதையும் ஒரு கலைச் செயல் என்று சொல்லி மூடத் தேவையில்லை.

எல்லையில் முகமூடி செல்லாது

2010ல் ஐரோப்பியச் சுற்றுப்பயணம் ஒன்றை முடித்துக்கொண்டு அமெரிக்கா திரும்ப முயன்ற டுமிலேயை உள்ளே விடவில்லை. சின்ன வயசிலிருந்து அங்கே வளர்ந்தவர், அங்கேயே கலியாணம் கட்டிப் பிள்ளை பெற்றவர், அந்த நாட்டின் ஹிப் ஹொப் வரலாற்றில் பெயர் எழுதினவர். ஆனால் அமெரிக்கக் குடியுரிமை எடுத்திருக்கவில்லை. கடதாசியின்படி அவர் லண்டனில் பிறந்த பிரித்தானியர். ஒரு தாள் ஒரு மனுசனை என்ன செய்யும் என்பதை எங்கட சனத்துக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. குடும்பம் அந்தப் பக்கம், அவர் இந்தப் பக்கம் என்று நீண்ட காலம் பிரிந்திருந்தார்கள்.

தன்னை யாரும் அடையாளம் காணக்கூடாது என்று வாழ்ந்த மனுசனை, கடைசியில் அடையாளப் பத்திரம்தான் வீழ்த்தியது. மேடையில் பெயரை மாற்றலாம், முகத்தை மூடலாம், ஆளையே மாற்றி அனுப்பலாம். குடிவரவு அதிகாரியின் மேசைக்கு முன்னால் ஒரே ஒரு பெயர், ஒரே ஒரு பிறந்த இடம்தான்.

இங்கிலாந்தில் இருந்துகொண்டே வேலையைத் தொடர்ந்தார். 2012ல் ஜெனேரோ ஜேரலோடு சேர்ந்து 'கீ டு த கஃப்ஸ்' வந்தது, லண்டன் பேச்சும் நாடு கடந்த தனிமையும் கலந்த அல்பம். 2014ல் பிஷப் நேரு என்ற பதின்ம வயதுப் பெடியனோடு சேர்ந்து ஒன்று. 2017ல் அவருடைய 14 வயது மகன் இறந்துபோனார். 2020 ஒக்டோபரில் லீட்ஸ் நகர வைத்தியசாலையில், இரத்த அழுத்தத்துக்குப் புதிதாகக் கொடுக்கப்பட்ட மருந்தின் ஒவ்வாமையால் ஏற்பட்ட வீக்கம் மூச்சை அடைத்து, 49 வயதில் அவரும் இறந்தார். காரணம் 2023ல் நடந்த மரண விசாரணையில்தான் வெளியே தெரிந்தது.

31 கொப்பிகள்

2010ல் திரும்பி வரமுடியாமல் போனபோது லொஸ் ஏஞ்சலிஸில் அவருடைய பொருட்கள் அப்படியே கிடந்தன. அவற்றுக்குள் வரிகள் எழுதின 31 கொப்பிகளும் இருந்தன. 'மட்வில்லனி' காலத்து எழுத்துகள் உட்பட. அவை வேறொருவர் கைக்குப் போய்விட்டன. 2023ல் அவருடைய மனைவி வழக்குப் போட்டார். வழக்கு 2025ல் சமரசமாக முடிந்து, கொப்பிகள் குடும்பத்திடம் திரும்பின.

இந்த வாழ்க்கையில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிற இரண்டு பொருட்கள் முகமூடியல்ல. 1994ல் அவர் கையோடு கொண்டுவந்த அந்த மாஸ்டர் நாடாக்களும், அவர் செத்த பிறகு வீடு திரும்பின இந்தக் கொப்பிகளும்தான். அண்டர்கிரவுண்ட் என்றால் என்ன என்ற கேள்விக்கு இவைதான் பதில். அது ஒலியின் கரகரப்பைப் பற்றியதோ ரசிகர்களின் எண்ணிக்கையைப் பற்றியதோ அல்ல. செய்த வேலை யாருக்குச் சொந்தம், அதைச் செய்தவனிடம் சந்தை வேறு என்னவெல்லாம் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்பதைப் பற்றியது. பாட்டை வைத்துக்கொள், என் முகத்தைக் கேட்காதே என்று ஒருவர் சொல்லி, அதில் இருபது வருசம் நின்று பிடித்தும் காட்டினார். இன்றைக்கு ஒரு பாட்டுப் போட முதல் ஒரு முகத்தைத் தயாரித்து, அந்த முகத்துக்கு ஒவ்வொரு நாளும் தீனி போடவேண்டிய நிலையில் இருக்கிற எங்கட வயசுக் கலைஞர்களுக்கு, அப்படியும் ஒரு வழி இருந்தது என்று தெரிந்திருப்பது நல்லது. அந்த வழியில் அவர் கொடுத்த விலையும் தெரிந்திருக்கவேண்டும்.

2021ல் லோங் ஐலண்டின் லோங் பீச் நகரத்தில், அண்ணனும் தம்பியும் வளர்ந்த தெருவுக்கு கே.எம்.டி.யின் பெயரையும் எம்.எஃப். டூமின் பெயரையும் சேர்த்து வைத்தார்கள். டூமை மட்டுமல்ல, சப்ரொக்கையும் அந்தப் பலகை ஞாபகம் வைத்திருக்கிறது.

கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. எல்லோரும் 'மட்வில்லனி'யைத்தான் முதலில் கேட்கச் சொல்வார்கள். நேரம் இருந்தால் 'மிஸ்டர் ஹூட்', பிறகு 'ப்ளாக் பாஸ்டர்ட்ஸ்', அதற்குப் பிறகு 'ஒப்பரேஷன்: டூம்ஸ்டே' என்று வரிசையாகக் கேளுங்கோ. முதலாவதில் சிரிக்கிற அந்தக் குரல் மூன்றாவதில் எப்படித் தடித்துப்போகிறது என்று கவனியுங்கோ. இடையில் என்ன நடந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.